கண்ணுல பட்டத சொன்னா அது எங்க போகும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நம்ம சிங்கப்பூர் வாசகர்களுக்கு, தீவிரவாதத் தாக்குதல தடுக்க "சந்தேகப்படுற மாதிரி ஏதாவது பாத்தா உடனே சொல்லுங்க"ன்னு ஒரு சின்ன பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் நாங்க நெனச்சதவிட ரொம்ப அதிகம், அதுவும் பாதிக்கு மேல ஒரே கவலைதான்: நான் சொன்னா அத யாரு பாப்பாங்க, என்னால ஒருத்தருக்கு அநியாயம் நடந்துடுமா. பேரு போட வேணாம்னு நெறைய பேரு கேட்டுக்கிட்டதால ஊரு மட்டும் போட்டிருக்கோம்.

தம்பி, போன மாசம் எங்க எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் கீழ ஒரு ஆளு தூணு, படிக்கட்டு, பஸ் வந்து நிக்கிற எடம்னு ரொம்ப நேரமா வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாரு. டூரிஸ்ட் மாதிரியும் தெரியல. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சு யோசிச்சு கடைசில வீட்டுக்கு வந்துட்டேன். இவ்ளோ சின்ன விஷயத்துக்கு போலீசுக்கு போன் போட்டா சிரிக்க மாட்டாங்களா? – ஈசூன் வாசகி

அக்கா, நீங்க ஈசூன்னு எழுதினத பாத்ததும் எனக்கு பழசுதான் ஞாபகம் வந்துச்சு. 2001 கடைசில ஆப்கானிஸ்தான்ல அல்-காய்தா தலைவர் ஒருத்தரோட இடிஞ்சு போன வீட்டுல ஒரு வீடியோ டேப் கெடைச்சுது, அதுல இருந்தது நம்ம ஈசூன் எம்ஆர்டி ஸ்டேஷன். அமெரிக்க ராணுவத்துக்காரங்கள ஏத்திக்கிட்டு வர்ற பஸ்ஸு எங்க நிக்குது, அங்க நிறுத்தியிருக்கிற மோட்டார்சைக்கிள் பெட்டில எத வைக்கலாம்னு ஒருத்தன் நிதானமா விளக்கம் சொல்லிக்கிட்டே எடுத்த வீடியோ. எடுத்தவங்க ஜெமா இஸ்லாமியாங்கிற தீவிரவாதக் கும்பலோட ஆளுங்க, நம்ம ஊருலயே வேல பாத்துக்கிட்டு, வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தவங்க.

ஆனா அவங்க மாட்டினது இந்த வீடியோவால இல்ல. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த கொஞ்ச நாள்ல நம்ம ஊரு முஸ்லிம் ஒருத்தரு, தனக்கு தெரிஞ்ச ஒரு ஆளு பின்லேடன தெரியும், ஆப்கானிஸ்தான்ல சண்ட போட்டேன்னு பேசிக்கிட்டு திரியிறான்னு போயி சொன்னாரு. அவ்ளோதான் அவருக்கு தெரிஞ்சது. குண்டு பத்தியோ ஈசூன் பத்தியோ அவருக்கு ஒண்ணும் தெரியாது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அந்த ஒரு நூல புடிச்சு யாரு யாருகூட பழகுறான்னு பாத்துக்கிட்டே போயி டிசம்பர் மாசம் 13 பேர தடுப்புக்காவல்ல வச்சாங்க. அமெரிக்க தூதரகம், இஸ்ரேல் தூதரகம்னு லாரி குண்டு வைக்க திட்டம் போட்டு, குண்டுக்கு வேண்டிய அம்மோனியம் நைட்ரேட் ரசாயனம் 17 டன் வாங்க ஆள் தேடிக்கிட்டு இருந்தாங்கங்கிறது அப்பறம்தான் வெளிய வந்துச்சு.

அதனால சின்ன விஷயமா பெரிய விஷயமான்னு எடை போடுற வேலைய நீங்க தலைல போட்டுக்காதீங்க. வீடியோ எடுக்கிறது குத்தமே இல்ல, தெனமும் ஆயிரம் பேரு எடுக்கிறாங்க. ஆனா ஒருத்தர் கேமரா எங்க மாட்டியிருக்கு, காவலுக்கு நிக்கிறவங்க எப்ப மாறுறாங்க, தூணு எங்க இருக்கு, எந்த வழியா வெளிய போகலாம்னு இதையே திரும்பத் திரும்ப எடுத்தா அது வேற. சொல்லுங்க. அன்னைக்கே சொல்லுங்க, ஒரு மாசம் கழிச்சு சொன்னா கேமரா பதிவே அழிஞ்சிருக்கும்.

அண்ணே, நான் மால்ல செக்யூரிட்டியா இருக்கேன். டியூட்டில இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதி எழுதி கை வலிக்குது, ஃபைல்ல போடுறதோட சரி. இத யாராவது படிக்கிறாங்களா? வேற போலீஸ்காரங்களுக்கு இது போய் சேருதா? – ஜூரோங் வாசகர்

தம்பி, எல்லாக் கேள்வியிலயும் முக்கியமானது உங்களோடதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

2001 செப்டம்பர் 9, நடுராத்திரி தாண்டின நேரம். அமெரிக்காவுல மேரிலாந்து ஹைவேல 65 மைல்ல போக வேண்டிய எடத்துல ஒரு காரு 90 மைல்ல போகுது. போலீஸ்காரரு நிறுத்தி லைசன்ஸ் வாங்கி பாத்து 270 டாலர் ஃபைன் எழுதி குடுத்து போக விட்டுட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு யுனைடெட் 93 விமானத்த கடத்தி ஓட்டினவன் அந்த ஆளுதான், ஜியாத் ஜர்ரா. அந்த போலீஸ்காரர குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல, அவரு கம்ப்யூட்டர்ல அந்த பேருக்கு எதுவும் வரல, வந்தாத்தான அவரு நிறுத்தி வைக்க முடியும்.

அதே வருஷம் ஜூலை 10ஆம் தேதி அரிசோனாவுல ஒரு எஃப்பிஐ ஆபீசரு, பின்லேடன் ஆளுங்க நம்ம ஃபிளையிங் ஸ்கூல்ல சேந்து படிக்கிற மாதிரி தெரியுது, நாடு முழுக்க செக் பண்ணணும்னு மேலிடத்துக்கு எழுதினாரு. ஆகஸ்ட்ல மின்னசோட்டாவுல ஒரு ஃபிளையிங் ஸ்கூல்காரங்களே, சின்ன விமானம்கூட ஒழுங்கா ஓட்ட தெரியாத ஒருத்தன் நேரா 747 பெரிய ஜெட் விமானத்து சிமுலேட்டர்ல உக்காரணும்ங்கிறான்னு சந்தேகப்பட்டு சொல்லி அவன புடிச்சாங்க, புடிச்ச எஃப்பிஐ ஆபீசுக்கு அரிசோனா கடிதம் இருக்கறதே தெரியாது. 2000 ஜனவரில நம்ம பக்கத்துல கோலாலம்பூர்ல ஒரு கூட்டம் நடந்துச்சு, அதுல கலந்துக்கிட்ட ரெண்டு பேர சிஐஏவுக்கு தெரியும், பின்னாடி செப்டம்பர் 11 அன்னைக்கு விமானம் கடத்தினவங்கள்ல அந்த ரெண்டு பேரும் உண்டு, அவங்க அமெரிக்காவுக்குள்ள போயி சொந்த பேருலயே வீடு எடுத்து இருந்தாங்க, எஃப்பிஐ அவங்கள தேட ஆரம்பிச்சது 2001 ஆகஸ்ட் கடைசில. பாக்க வேண்டியவங்க பாத்தாங்க, எழுத வேண்டியவங்க எழுதினாங்க, எழுதினது அடுத்த ரூமுக்கு போகல. செப்டம்பர் 11 தாக்குதல் பத்தி 2004ல வந்த விசாரணைக் குழு அறிக்கை இதத்தான் பக்கம் பக்கமா சொல்லுது.

அதுக்கப்பறம்தான் சந்தேக நடவடிக்கை அறிக்கைன்னு ஒரு முறைய கொண்டு வந்தாங்க. அமெரிக்காவுல போலீஸ் அமைப்பு மட்டும் சுமாரா 18,000 இருக்கு, ஊருக்கு ஊரு தனி போலீசு, ஒண்ணுக்கொண்ணு மேலதிகாரி கெடையாது. 2008ல லாஸ் ஏஞ்சலஸ் போலீசு, ரோந்து போறவங்க என்ன மாதிரி நடத்தைய பாத்தா எப்படி எழுதணும்னு ஒரே மாதிரி ஃபார்ம் போட்டு ஆரம்பிச்சாங்க, பின்னாடி நாடு முழுக்க அது வந்துச்சு. மாநிலத்துக்கு மாநிலம் ஃபியூஷன் சென்டர்னு ஒண்ணு வச்சு, தெருவுல நிக்கிற போலீஸ்காரரு எழுதினத அங்க பயிற்சி எடுத்த ஆளு ஒருத்தரு படிச்சு பாப்பாரு, இதுக்கும் தீவிரவாதத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு தோணினா மட்டும்தான் எல்லாரும் பாக்குற சிஸ்டத்துல ஏத்துவாங்க. அந்த நடுவுல உக்காந்து படிக்கிற ஆளு ரொம்ப ரொம்ப முக்கியம். அவரு இல்லன்னா வந்ததெல்லாம் உள்ள போயி குப்பையா குமியும், உண்மையான ஒண்ணு அதுக்குள்ள அமுங்கிப் போகும்.

அப்படி இருந்தும் ஓட்டை இருந்துச்சு. பாஸ்டன்ல 2013ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு மாரத்தான் ஓட்டத்துல குண்டு வச்சாங்களே, அதுல மூத்தவன பத்தி ரஷ்யா 2011லயே எஃப்பிஐக்கு தகவல் குடுத்திருந்துச்சு, எஃப்பிஐ விசாரிச்சு ஒண்ணும் கெடைக்கலன்னு மூடிட்டாங்க. எங்களுக்கு இது தெரியவே தெரியாதுன்னு பாஸ்டன் போலீஸ் கமிஷனர் நாடாளுமன்ற கமிட்டி முன்னாடி சொன்னாரு. சிஸ்டம் இருந்தா மட்டும் போதாது, இருக்கிற மனுஷங்க அத அடுத்தவங்ககிட்ட தூக்கி குடுக்கணும்.

நம்ம ஊருல நமக்கு பெரிய வசதி, ஒரே காவல்துறை. அதுவும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் ஒரே உள்துறை அமைச்சுக்கு கீழதான். ஆனா நம்ம ஆபத்து கடல் தாண்டியும் வருது. 2016 ஆகஸ்ட்ல பாத்தாம் தீவுல இருந்து மரினா பே மேல ராக்கெட் விட திட்டம் போட்டவங்கள இந்தோனேசிய போலீசு புடிச்சாங்க, அதுக்கு முன்னாடியே ரெண்டு நாட்டு அதிகாரிகளும் தகவல் பரிமாறிக்கிட்டுத்தான் இருந்தாங்க. 2018ல "அவர் ஐஸ்"னு ஒரு ஏற்பாட்டுல இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பீன்ஸ், புருணை ஆறு நாடும் சேந்து தகவல் பகிர்ந்துக்கறோம்னு ஆரம்பிச்சாங்க.

இப்ப உங்க ரிப்போர்ட்டுக்கு வர்றேன். "சந்தேகத்துக்குரிய நபர் லோடிங் பே அருகில் காணப்பட்டார், விசாரித்து அனுப்பப்பட்டார்." இப்படித்தான நெறைய பேரு எழுதுறாங்க? இத வச்சு யாரும் எதுவும் செய்ய முடியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்க: "செவ்வாய் ராத்திரி 10.40, பி1 லோடிங் பே. ஆண், முப்பதுக்குள்ள வயசு, சாம்பல் கலர் டீ-ஷர்ட், கருப்பு பேக்பேக். லாரி கேட் எத்தன மணிக்கு மூடுவீங்க, ராத்திரி எத்தன செக்யூரிட்டி இருப்பாங்கன்னு கிளீனர்கிட்ட கேட்டாரு. நான் கிட்ட போயி என்ன வேணும்னு கேட்டதும் பதில் சொல்லாம கார்பார்க் பக்கம் நடந்தாரு. வெள்ள வேன்ல ஏறினாரு, நம்பர்ல கடைசி மூணுதான் பாத்தேன். கேமரா 14 பாக்கவும்." இதுல சந்தேகத்துக்குரியங்கிற வார்த்தையே இல்ல பாருங்க. ஆனா இதே வேன் வேற மால்ல வேற செக்யூரிட்டி எழுதின ரிப்போர்ட்லயும் இருந்தா, ரெண்டையும் பாக்குற அதிகாரிக்கு ஒரு நொடில பொறி தட்டும். உங்களுக்கு உங்க மால் மட்டும்தான் தெரியும், அவருக்கு ரெண்டும் தெரியும். ஆனா அது நடக்கணும்னா ஃபைல்ல தூங்கக்கூடாது தம்பி. சூப்பர்வைசர் கையெழுத்து போட்டு ரேக்ல வச்சிட்டா முடிஞ்சு போச்சுன்னு நெனைக்காதீங்க, இது போலீசுக்கு போச்சான்னு மறுநாள் ஷிஃப்ட்ல வாய் விட்டு கேளுங்க. கேக்கறது உங்க உரிமை.

அஸ்ஸலாமு அலைக்கும். தாடி வச்சிருக்கேன், பை ஒண்ணு எப்பவும் தோள்ல இருக்கும். சந்தேகப்பட்டா சொல்லுங்கன்னு நீங்க எழுதினத படிச்சதும் மனசு கஷ்டமா இருந்துச்சு. சொல்றவங்க கண்ணுக்கு மொதல்ல படறது நாங்கதான? – தெம்பனிஸ் வாசகர்

வ அலைக்கும் ஸலாம் பாய். உங்க கஷ்டம் நியாயமானது, இத மழுப்பி பதில் சொல்ல நான் விரும்பல. ஒரு ஆளோட தாடியையோ தொப்பியையோ நிறத்தையோ பாத்து போன் பண்றது தப்பு. அது அவருக்கு செய்யிற அநியாயம், அதோட ஆபத்தும்கூட, ஏன்னா கண்ணு தப்பான ஆள் மேல இருக்கும்போது சரியான ஆளு பக்கத்துல நடந்து போயிடுவான்.

2020 டிசம்பர்ல நம்ம ஊருல ஒரு 16 வயசு பையன தடுப்புக்காவல்ல வச்சாங்க. ரெண்டு பள்ளிவாசல்ல, மஸ்ஜித் அஷ்ஷாஃபா, மஸ்ஜித் யூசோஃப் இஷாக், தொழ வர்றவங்கள வெட்டணும்னு திட்டம். தேதிகூட குறிச்சு வச்சிருந்தான், 2021 மார்ச் 15, நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் தாக்குதலோட ரெண்டாவது வருஷ நாள். அந்த பையன் இந்திய இனத்த சேந்தவன், கிறிஸ்தவன். நம்ம கற்பனைல தீவிரவாதின்னா ஒரு முகம் இருக்குமே, அந்த முகத்த தேடிக்கிட்டு இருந்தவங்க யாரும் அவன பாத்திருக்கவே மாட்டாங்க. 2001ல அந்த மொத தகவல குடுத்து ஊரையே காப்பாத்தினவரும் ஒரு முஸ்லிம்தான்னு மேல சொன்னேன்.

அமெரிக்காவுல அந்த ரிப்போர்ட் முறைக்கு எழுதி வச்ச விதில 16 வகை நடத்தைய சொல்லியிருக்காங்க: அனுமதி இல்லாத எடத்துல நுழையறது, போலி அடையாளம் காட்டுறது, யூனிஃபார்ம் பாஸ் திருடறது, காவல சோதிச்சு பாக்கறது, மிரட்டல் விடறது, குண்டுக்கு தேவையான பொருள் சேக்கறது, ஆள் சேக்கறது இப்படி. இனம், மதம், எந்த நாட்டுலேருந்து வந்தவருங்கிறத வச்சு சந்தேகம் வரக்கூடாதுன்னும் அதுலயே இருக்கு. இருந்தும் அங்க போட்டோ எடுத்த கலைஞரு, கம்ப்யூட்டர் வாங்கப் போனவருன்னு ஒண்ணும் செய்யாதவங்க பேரெல்லாம் சிஸ்டத்துல ஏறிப்போயி, 2014ல அவங்க அரசாங்கத்து மேல கேஸ் போட்டாங்க. விதி எழுதறது சுலபம், போன எடுக்கிற நேரத்துல மனசுல இருக்கிற பயம்தான் பேசுது.

அதனால இத படிக்கிற எல்லாருக்கும் சொல்றேன், போன் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்விய உங்களையே கேளுங்க. இதே காரியத்த என் மச்சானோ என் பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ செஞ்சிருந்தா நான் சொல்லியிருப்பேனா? ஆமான்னா சொல்லுங்க. இல்லன்னா போன உள்ள வைங்க.

யாரோ விட்டுட்டு போன பைய பாத்தாகூட போன் பண்ணணுமா? – ஹவ்காங் வாசகர்

பண்ணணும், தொடாதீங்க, தள்ளி நில்லுங்க, ஸ்டேஷன்னா ஸ்டாஃப்கிட்ட சொல்லுங்க. 2017 ஏப்ரல்ல உங்க ஹவ்காங் எம்ஆர்டிலயே ஒருத்தரு வேலை இருக்குன்னு பைய வச்சிட்டு போயி, ஸ்டேஷன மூடி, ரயில் நிக்காம போச்சு, உள்ள இருந்தது வீட்டுச் சாமான். அதே மாசம் உட்லி ஸ்டேஷன்ல வெள்ளப் பவுடர் கெடந்து மணிக்கணக்குல மூடினாங்க, பாத்தா மாவு, ஓட்டப் போறவங்க வழி அடையாளத்துக்கு போட்டது. சொன்னவங்க யாரையும் யாரும் திட்டல, விட்டுட்டு போனவங்கமேலதான் நடவடிக்கை. ஆனா வேணும்னே குண்டு இருக்குன்னு பொய் சொல்றது வேற விஷயம், அது கடுமையான குத்தம், விமானத்துல விளையாட்டுக்கு சொன்னாலும் ஜெயில் வரைக்கும் போகும்.

ஊருல அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு ஒரே தடவையா கொஞ்சம் பெரிய தொகை அனுப்பினேன். எங்கேருந்து வந்த காசு, யாருக்கு, எதுக்குன்னு பேங்க்ல துருவித் துருவி கேட்டாங்க. என்ன கேஸ்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குறாங்க. நான் திருடனா? – செங்காங் வாசகி

இல்லம்மா, கோவப்படாதீங்க. போலீஸ்ல வர்த்தக விவகாரத் துறைக்கு கீழ சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைய வாங்குறதுக்குன்னே ஒரு அலுவலகம் இருக்கு. பேங்க், பணம் அனுப்புற கடை, நகைக்கடை எல்லாருமே சந்தேகம் வந்தா அங்க எழுதியாகணும், சட்டம். உங்கள பத்தி எழுதினோம், எழுதலன்னு உங்ககிட்ட சொல்லவும் அவங்களால முடியாது, விசாரணைக்கு இடைஞ்சல் வர்ற மாதிரி சொன்னா அவங்க மேல கேஸ் வரும், அதனாலதான் அந்த கவுண்டர் பொண்ணு வாயத் தொறக்கல. கல்யாணப் பத்திரிகை, சம்பள ஸ்லிப் இருந்தா காட்டுங்க, முடிஞ்சது.

ஏன் இவ்ளோ கறாருன்னா, தீவிரவாதத்துக்கு போற காசு எப்பவும் பெரிய தொகையா இருக்காது. 2016ல இங்க வேல பாத்த பங்களாதேஷ் ஊழியருங்க சில பேரு தங்க ஊருல ஆயுதம் வாங்கி தாக்குதல் நடத்த காசு சேத்தாங்கன்னு தண்டனை வாங்கினாங்க, ஒவ்வொருத்தரும் குடுத்தது 60 வெள்ளியிலேருந்து 500 வெள்ளி வரைக்கும்தான். எந்த பேங்க் கம்ப்யூட்டரும் 60 வெள்ளிக்கு மணி அடிக்காது.

முன்னெல்லாம் ஒரு பேங்க்கு கணக்க மூடினா அந்த ஆளு எதுத்த பேங்க்ல போயி தொறந்துக்குவான், இவங்களுக்கு தெரிஞ்சது அவங்களுக்கு தெரியாது. 2024 ஏப்ரல்லேருந்து காஸ்மிக்னு ஒரு தளத்துல டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி, சிட்டிபேங்க், எச்எஸ்பிசி, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் ஆறு பேங்கும் பெரிய ஆபத்தா தெரியிற வாடிக்கையாளர் விவரத்த ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறாங்க. இது முக்கியமா டுபாக்கூர் கம்பெனி, வர்த்தக மோசடி மாதிரி விஷயத்துக்குத்தான், கல்யாணத்துக்கு காசு அனுப்புற உங்களுக்கு இல்ல.

என் மகனுக்கு 17 வயசு. ஆறு மாசமா ரூம் கதவ மூடிக்கிட்டு இருக்கான், பழைய ஃபிரெண்ட்ஸ் யாரும் இல்ல, ராத்திரி முழுக்க யார்கூடயோ ஆன்லைன்ல பேசுறான், ஒரு இனத்துக்காரங்கள பத்தி வாய்ல வராத பேச்சு பேசுறான். அவங்கள எல்லாம் கொல்லணும்னு ஒரு நாள் சாப்பாட்டு மேசைல சொன்னான். சொன்னா புள்ளைய புடிச்சிட்டு போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு. – பேரு, ஊரு வேணாம்

அம்மா, உங்க கடிதத்த நாங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம். தைரியமா எழுதியிருக்கீங்க.

கதவ மூடிக்கறதும் ஃபிரெண்ட்ஸ் இல்லாததும் அந்த வயசுல நெறைய பேருகிட்ட இருக்கு, அது மட்டும்னா ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட பேசுங்கன்னு சொல்லியிருப்பேன். கொல்லணும்னு சொன்னத சேத்து பாக்கும்போது காத்திருக்காதீங்க. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு 1800-2626-473ன்னு ஒரு நம்பர் இருக்கு, அதுல பேசுங்க.

புடிச்சிட்டு போவாங்களான்னு கேட்டீங்க. உண்மைய சொல்லணும், போகலாம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துல கோர்ட் விசாரணை இல்லாமலே ரெண்டு வருஷம் வரைக்கும் தடுத்து வைக்க முடியும், அத நீட்டிக்கவும் முடியும். அது சாதாரண அதிகாரம் இல்ல, அத நெனச்சு ஒரு தாய் பயப்படுறது இயல்பு. ஆனா போற எல்லாரையும் அப்படி வைக்கிறதில்ல, சில பேருக்கு கட்டுப்பாட்டு ஆணை, வீட்டுலயே இருந்து படிச்சுக்கிட்டு சில நிபந்தனையோட நடக்கணும், இன்னும் ஆரம்ப கட்டத்துல இருக்கிறவங்களுக்கு பேச்சும் ஆலோசனையும்தான். எவ்ளோ தூரம் போயிட்டான்ங்கிறத பொறுத்துதான் எல்லாமே, அதனாலதான் சீக்கிரம்னு சொல்றேன். 2024 ஆகஸ்ட்ல தெம்பனிஸ்ல ஒரு 17 வயசு பையன புடிச்சாங்க, அடுத்த மாசம் ஸ்கூல் லீவுல வீட்டுக்கு பக்கத்துலயே ஆளுங்கள கத்தியால குத்த திட்டம் போட்டிருந்தான். இன்னும் சில வாரம் போயிருந்தா அவன் கொலைகாரன், குத்துப்பட்டவங்க வீட்டுலயும் எழவு, அவங்க அம்மா வீட்டுலயும் எழவு.

2003லேருந்து சமய மறுவாழ்வுக் குழுன்னு உஸ்தாதுங்க, அதாவது மார்க்க ஆசிரியருங்க, தன்னார்வமா சேந்து தடுப்புக்காவல்ல இருக்கிற முஸ்லிம்களுக்கு மார்க்கத்த சரியா எடுத்து சொல்றாங்க, மத்தவங்களுக்கும் அவங்கவங்க சமயத்துல ஆள் வச்சு பேச வைக்கிறாங்க, மனநல நிபுணர் வர்றாங்க, படிப்பு நிக்காம பாத்துக்கறாங்க, குடும்பத்துக்குன்னு தனியா உதவியும் இருக்கு. மேல சொன்னேனே அந்த 16 வயசு பையன், அவன 2024ல கட்டுப்பாட்டு ஆணையோட வெளிய விட்டாச்சு.

ராத்திரி அவன்கிட்ட போயி போன புடுங்கி சண்ட போடாதீங்க, போன்ல இருக்கிறத அழிக்கவும் சொல்லாதீங்க. சாப்பாடு குடுங்க, பேசினா கேளுங்க, என்ன சொன்னான் எப்ப சொன்னான்னு தேதி போட்டு எழுதி வைங்க. தனியா போன் பண்ண பயமா இருந்தா அண்ணன் தம்பி யாரையாவது பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு பண்ணுங்க. புள்ளைய காட்டிக் குடுக்கிறோம்னு நெனைக்காதீங்கம்மா, அவன திருப்பி வாங்கறதுக்குத்தான் இந்த போன்.

அண்ணே, எனக்கு சொந்த ஊரு புதுக்கோட்டை பக்கம், இங்க வெளிநாட்டுத் தொழிலாளருங்க தங்குற டார்மிட்ரில இருக்கேன். ரூம்ல ஒருத்தன் தலைய வெட்டுற வீடியோவெல்லாம் காட்டி நீங்களும் சேருங்க, காசு குடுங்கன்னு நாலஞ்சு பேர்கிட்ட பேசுறான். எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. சொன்னா என் வேல பர்மிட்டுக்கு ஏதும் பிரச்சனை வருமா? அவனுக்கு நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா? – துவாஸ் வாசகர்

தம்பி, சொல்றதால பர்மிட் போகாது. தெரிஞ்சும் சொல்லாம இருக்கறதுதான் ஆபத்து, தீவிரவாதத்துக்கு காசு சேக்கறாங்கன்னு தெரிஞ்சா போலீசுக்கு சொல்லணும்ங்கிறது இங்க சட்டமே, உள்ளூர் வெளியூர்னு அதுல பாகுபாடு இல்ல. காசு மட்டும் குடுத்துடாதீங்க, பயந்துகிட்டு பத்து வெள்ளிகூட குடுக்காதீங்க. அந்த வீடியோவ உங்க போனுக்கு வாங்கவும் வேணாம், ஆதாரத்துக்குன்னு யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணவும் வேணாம். பேரு, படுக்கை எது, எந்த கம்பெனி, எப்ப காட்டினான், யார்கிட்ட காசு கேட்டான், இத மனசுல வச்சுக்குங்க.

யாரு சொன்னதுங்கிறத பத்தி பயப்படாதீங்க, 2001ல அந்த மொத தகவல் குடுத்தவரு பேரு இத்தன வருஷம் கழிச்சும் வெளிய வரல. ரூம்ல வச்சு பேசாதீங்க, லீவு நாள்ல தேக்காவுக்கு வருவீங்கல்ல, அப்ப வெளிய நின்னு 1800-2626-473க்கு போன் போடுங்க, இல்ல நேரா ஏதாவது ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு போங்க. கத்தி எடுத்துட்டான், இப்பவே ஏதோ பண்ணப் போறான்னா 999. போன எடுத்ததும் "தமிழ்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இல்லன்னா இங்கிலீஷ் தெரிஞ்ச, நீங்க நம்புற சைட் சூப்பர்வைசர பக்கத்துல வச்சுக்குங்க. டார்மிட்ரி பேரு, புளோக், மாடி, ரூம் நம்பர் இத மட்டும் இங்கிலீஷ்ல ஒரு பேப்பர்ல எழுதி வாங்கி பர்ஸ்ல வைங்க, பதட்டத்துல மொதல்ல மறக்கறது அட்ரஸ்தான்.